புது கம்ப்யூட்டரில் 4ஆவது ரேம் ஸ்லாட் வேலை செய்யவில்லை. உப்புக்காற்றா, வேறு கோளாறா?

பாம்பன்_கரை | சனி, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஐந்து வருடம் உழைத்த லேப்டாப் இந்த வைகாசி முகூர்த்தங்களோடு மூச்சை விட்டுவிட்டது. மச்சான் துணையோடு முதல் முறையாக நானே ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தேன். இன்டெல் ஐ5-12400, நாலு ரேம் ஸ்லாட் உள்ள டிடிஆர்4 (ரேமின் தலைமுறை) போர்டு, 16 ஜிபி ரேம் இரண்டு. ரேம் அட்டையில் வேகம் 3600 என்று போட்டிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை, அடுத்த முகூர்த்தக் காசில் பார்க்கலாம்.

போர்டோடு வந்த புத்தகத்தில் சொன்னபடி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டில் ரேமைப் போட்டால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. போர்டு ஓரத்தில் டிராம் (ரேமைத்தான் சொல்கிறது) என்று எழுதிய இடத்தில் மஞ்சள் விளக்கு அணையாமல் நிற்கிறது. 4ஆவதில் இருப்பதைக் கழற்றினால் ஆன் ஆகிறது. வெறுத்துப்போய் இரண்டையும் 1, 2 என்று பக்கத்தில் பக்கத்தில் செருகினேன். ஆன் ஆகி 32 ஜிபி காட்டுகிறது, விண்டோஸும் போட்டாயிற்று. ஆனால் 4கே வீடியோவை டைம்லைனில் இழுத்தால் திக்கித் திக்கி ஓடுகிறது.

வாங்கிய கடையில் கேட்டேன். போர்டை அனுப்புங்கள், கம்பெனிக்குப் போய் வர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். வீடு தென்கடல் பக்கம், அலைக்கும் வாசலுக்கும் இருநூறு அடிதான். உப்புக்காற்று ஸ்லாட்டைத் தின்றிருக்குமா? இல்லை, இப்படியே 1, 2-இல் ஓட்டலாமா?

தொண்டி_மச்சி | சனி, இரவு 10.05

32 காட்டுதுல்ல மச்சி? அப்புறம் என்ன, மூடி திருகைப் போட்டுட்டு வேலையைப் பாரு.

கீழக்கரை_காக்கா | சனி, இரவு 10.30

தம்பி, சந்தேகமே வேண்டாம், உப்புதான். நான் துபாயிலிருந்து வந்து வீட்டில் வைத்த கம்ப்யூட்டர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதே பாட்டுத்தான் பாடுகிறது. ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் பல்வரிசையைப் பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் நன்றாகத் தேய்த்துப் போடுங்கள். என்னிடம் பத்துத் தடவை வேலை செய்திருக்கிறது.

மண்டபம்_டீச்சர் | ஞாயிறு, காலை 7.15

காக்கா, பிரித்துப் பத்து நாள் ஆகாத போர்டை உப்பு அதற்குள் என்ன செய்துவிடும்? அதைக் கடைசியில் பார்ப்போம்.

தம்பி, 1, 2-இல் ஓட்டலாமா என்று கேட்டீர்கள். ஓடும், ஆனால் நஷ்டம் உங்களுக்கு. நாலு ஸ்லாட்டும் இரண்டு சேனலாகப் பிரிந்திருக்கின்றன. பிராசசரிலிருந்து எண்ணினால் ஏ1, ஏ2, பி1, பி2. 2ஆவதும் 4ஆவதும் என்றால் ஏ2, பி2: இரண்டு சேனலிலும் ஆளுக்கு ஒன்று, இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தரவு போகும். 1, 2 என்று போட்டால் இரண்டும் ஏ சேனலிலேயே உட்கார்ந்துவிடும், பி சேனல் சும்மா கிடக்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு, எல்லா வண்டியையும் மறுபக்கத்தில் மாற்றி மாற்றி விடுவது போல. அதிலும் உங்களிடம் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் கடன் வாங்கிப் பிழைக்கிறது. வீடியோ திக்குவதில் இதற்கும் பங்கு உண்டு.

ஒரு பேப்பரில் கட்டம் போடுங்கள். மேலே ஏ1, ஏ2, பி1, பி2, பக்கவாட்டில் முதல் ரேம், இரண்டாம் ரேம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரேம், ஒரே ஒரு ஸ்லாட், ஆக எட்டு தடவை. ஆன் ஆனால் டிக், இல்லையென்றால் பெருக்கல் குறி. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஐந்தாவது தடவையிலேயே எந்த ரேம் எது என்று குழம்பிவிடும். ரேம் முதுகில் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதிவிடுங்கள்.

ராம்நாடு_ஸ்க்ரூடிரைவர் | ஞாயிறு, காலை 8.40

டீச்சர் சொன்ன கட்டம் சரி. பதினெட்டு வருடமாக நான் செய்வதும் அதுதான், என்ன, சிகரெட் அட்டையில் எழுதுவேன். ஆனால் கை வைக்கும் முன் இரண்டு விஷயம்.

ஒன்று, மெயின் சுவிட்சை அணைத்து வயரையே பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பவர் பட்டனை ஒருமுறை அமுக்குங்கள். கேபினட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். போர்டில் எந்த விளக்காவது எரிகிறபோது ரேமைத் தொடாதீர்கள்.

இரண்டு, கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? நம் பக்கத்து வீடுகளில் பாதிக்கு எர்த் பெயருக்குத்தான் இருக்கும். மணலில் புதைத்த கம்பி உப்பில் அரித்து எந்தக் காலத்திலோ போயிருக்கும். எர்த் இல்லாத பிளக்கில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக 230 வோல்ட்டில் பாதி கேபினட் தகட்டில் வந்து நிற்கும். கரண்ட் அளவு மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது, ஆனால் ஆன் ஆன நிலையில் பென்டிரைவ் சொருகும்போது பொறி தட்டும். டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, ரேமைச் செருகும்போது இரண்டு முனையையும் கட்டைவிரலால் அமுக்குங்கள். இப்போது வரும் நிறைய போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி இருக்கும். அந்தப் பக்கம் டக்கென்று பூட்டிய சத்தத்தை நம்பி மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கியபடி விட்டுவிடுவார்கள். என்னிடம் வரும் புது மெஷின்களில் பாதி இந்தக் கேஸ்தான், முப்பது விநாடி வேலை.

பாம்பன்_கரை | ஞாயிறு, மதியம் 2.20

செய்தேன். நடுவில் கரண்ட் போய் வந்தது, அதனால் தாமதம்.

ஏ1: இரண்டு ரேமும் டிக். ஏ2: இரண்டும் டிக். பி1: இரண்டுமே பெருக்கல் குறி. பி2: இரண்டுமே பெருக்கல் குறி. கொக்கி, மறுமுனை எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன், சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. எர்த் இருக்கிறது, போன வருடம்தான் புதுக்குழி தோண்டினோம்.

அப்படியென்றால் 4ஆவது மட்டுமல்ல, 3ஆவது ஸ்லாட்டும் செத்துவிட்டதா? ஒரே போர்டில் இரண்டு ஸ்லாட் பழுதா?

தொண்டி_மச்சி | ஞாயிறு, மதியம் 2.26

கல்யாண ஆஃபர், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

ராம்நாடு_ஸ்க்ரூடிரைவர் | ஞாயிறு, மாலை 4.10

தம்பி, நல்ல சேதிதான். இரண்டு ரேமும் சுத்தம் என்று தெரிந்துவிட்டது. ஸ்லாட்டும் சுத்தமாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு ஸ்லாட் ஒரே நேரத்தில் சாவது அபூர்வம். செத்த இரண்டுக்கும் பொதுவானது எது என்று யோசியுங்கள். பி சேனல். அந்த வழி எங்கே போய் முடிகிறது? பிராசசருக்குள்.

பழைய போர்டுகளில் ரேமை ஆளும் சிப் நார்த்பிரிட்ஜ் என்று தனியாக இருந்தது. இன்டெல் 2008 வாக்கில் அதை டெஸ்க்டாப் பிராசசருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டது. அதனால் இன்று ரேம் ஸ்லாட்டின் கம்பி ஒவ்வொன்றும் போர்டுக்குள் ஓடி, பிராசசர் சாக்கெட்டின் ஊசிகளில்தான் முடிகிறது. உங்கள் சாக்கெட்டில் 1700 ஊசி. பிராசசர் அந்த ஊசிகள் மேல் சும்மா அமர்ந்திருக்கிறது, பற்றவைப்பு எதுவும் கிடையாது. பி சேனலுக்குப் போகும் ஊசிகளில் ஒன்று வளைந்திருந்தாலோ, அந்தப் பக்கம் பிராசசர் சரியாக அமராமல் இருந்தாலோ, 3ஆவதும் 4ஆவதும் சேர்ந்தே படுத்துவிடும். பார்ப்பவர் ஸ்லாட்டைத் திட்டிக்கொண்டிருப்பார்.

அதனால் கேள்வி: பிராசசர் சூட்டை இறக்க எந்த மாதிரி கூலர் போட்டீர்கள்? பெட்டியில் வந்ததா, தனியாக வாங்கியதா? நாலு ஸ்க்ரூவை எப்படி முடுக்கினீர்கள்?

பாம்பன்_கரை | ஞாயிறு, மாலை 4.45

மச்சான் கொடுத்த கூலர், கோபுரம் மாதிரி உயரமானது. போர்டுக்குப் பின்னால் ஒரு தகடு, முன்னால் நாலு ஸ்க்ரூ. முதல் ஸ்க்ரூவை அது நிற்கிறவரை முடுக்கினேன். அப்புறம் பக்கத்தில் உள்ளது, அப்புறம் அடுத்தது. கடைசி ஸ்க்ரூ ஓட்டைக்கே எட்டவில்லை, மச்சான் கூலரைக் கையால் அமுக்கிப் பிடித்தார், நான் முடுக்கினேன்.

இதை எழுதும்போதே எங்கே தப்பு என்று தெரிகிறது.

ராம்நாடு_ஸ்க்ரூடிரைவர் | ஞாயிறு, மாலை 5.00

தெரிந்தால் சரி. உடனே எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். முதலில் வயரைப் பிடுங்கிவிட்டு, நாலு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, பி2-இல் ஒரு ரேமைப் போட்டுப் பாருங்கள். உயிர் வந்தால் சாக்கெட் ஊசிகள் தப்பித்தன. வந்தாலும் வராவிட்டாலும் அப்புறம் கூலரை முழுசாகக் கழற்றி, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்டைத் துடைத்து, புதிதாகப் போட்டுப் பூட்டுங்கள். கழற்றிய கூலரைப் பழைய பேஸ்டோடு திரும்ப வைக்கக் கூடாது.

கழற்றும்போது சாக்கெட்டைப் போனில் படம் எடுங்கள். நேரே மேலிருந்து எடுத்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் ஊசிகள் எல்லாம் ஒரே திசையில் மின்னும். வளைந்த ஊசி மட்டும் வேறு பக்கம் மின்னும். விரலோ துணியோ சாக்கெட்டுக்குள் படவே கூடாது.

ஒருவேளை போர்டைக் கடைக்கு அனுப்புவதாக இருந்தால், அந்தப் படமும் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியும் அவசியம். மூடி இல்லாமல் போனால் வாங்க மாட்டார்கள். படம் இல்லாமல் போனால், ஊசியை வளைத்தது நீங்கள்தான் என்று திருப்பி அனுப்புவார்கள். நான் ஒருமுறை பட்டிருக்கிறேன், எங்கே என்று சொல்லவில்லை.

கீழக்கரை_காக்கா | ஞாயிறு, மாலை 6.35

இவ்வளவு சர்ஜரிக்கு முன்னால் ரப்பரை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் கட்சி. காசா பணமா?

மண்டபம்_டீச்சர் | ஞாயிறு, இரவு 7.20

காசுதான் காக்கா. அந்த மஞ்சள் பூச்சு தங்கம், ஆனால் நம் நகைத் தங்கம் மாதிரி கனம் என்று நினைத்துவிடாதீர்கள், மயிரிழையை விடப் பல மடங்கு மெல்லியது. கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்பு. தங்கம் துருப்பிடிக்காது, உப்பு அதை ஒன்றும் செய்யாது. ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தங்கத்தில் கீறல் விழுந்தால்தான் உப்புக்கும் ஈரத்துக்கும் கீழே இறங்க வழி கிடைக்கும். உதிரும் ரப்பர் தூளும் ஸ்லாட்டுக்குள் போய் உட்காரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே பாட்டு என்றீர்களே, அதில் ரப்பருக்கும் பங்கு இருக்கலாம்.

99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு சுற்றிய குச்சி, மெதுவாக ஒரே திசையில் ஒரு துடைப்பு. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், சர்வீஸ் சாமான் விற்கிற கடையில் கேட்டு வாங்குங்கள்.

ராம்நாடு_ஸ்க்ரூடிரைவர் | ஞாயிறு, இரவு 8.00

ரப்பர் விஷயத்தில் நான் நடுவில் நிற்கிறேன். அவசரத்துக்கு நானும் தேய்த்திருக்கிறேன், வேலையும் செய்திருக்கிறது. சும்மா கழற்றி மாட்டினாலே பாதி கேஸ் சரியாகிவிடும், அந்தப் பெயரை ரப்பர் தட்டிக்கொண்டு போகிறது.

பாம்பன்_கரை | ஞாயிறு, இரவு 11.30

வந்துவிட்டது!!

அரைச் சுற்று தளர்த்தினேன், பி2-இல் ரேம் போட்டேன், மஞ்சள் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது, டிஸ்ப்ளே வந்தது. மச்சான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது.

அப்புறம் கூலரை முழுசாகக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிராசசர் மேல் இருந்த பேஸ்ட், நான் முதலில் முடுக்கிய மூலையில் உலோகமே தெரிகிற அளவுக்கு நசுங்கியிருக்கிறது. எதிர் மூலையில் வடைமாவு மாதிரி தடிப்பாக அப்படியே நிற்கிறது. கூலர் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பக்கத்தை மட்டும் மிதித்திருக்கிறது. சாக்கெட்டை டார்ச் அடித்துப் படம் எடுத்தேன், ஊசிகள் எல்லாம் ஒரே திசையில்தான் மின்னுகின்றன.

திரும்பப் பூட்டும்போது அப்பா பக்கத்தில் நின்றார். வல்லத்து இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறவர். "ஹெட் போல்ட்டை ஒரு பக்கமா முடுக்குனா கேஸ்கெட் போயிடும்னு சின்னப்புள்ளைல இருந்து பாக்குறியே, இது மட்டும் வேற சாமானா?" என்றார். அவர் சொன்னபடியே எதிரெதிர் மூலையாக, இரண்டு இரண்டு சுற்றாக முடுக்கினேன். கடைசி ஸ்க்ரூவுக்கு யாரும் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஏ2, பி2-இல் 32 ஜிபி, இரண்டு சேனல். டைம்லைன் முன்னைக்கு எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகம் 2666 என்று காட்டுகிறது. காசு கொடுத்தது 3600-க்கு. என்ன செய்ய?

தொண்டி_மச்சி | ஞாயிறு, இரவு 11.41

அப்பாவுக்கு இங்க ஒரு ஐடி ஓபன் பண்ணிக் குடுங்க.

மண்டபம்_டீச்சர் | திங்கள், காலை 6.50

வாழ்த்துகள். பயாஸுக்குள் (விண்டோஸ் வருமுன் வரும் போர்டின் செட்டிங் திரை) போய் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்தால் 3600 வரும். அதைப் போடாதவரை ரேம் தன் பாதுகாப்பான அடிப்படை வேகத்தில்தான் ஓடும்.

பாம்பன்_கரை | திங்கள், இரவு 8.15

எக்ஸ்எம்பி போட்டேன். 3600 காட்டியது. இருபது நிமிடம் ஓடி நீலத்திரை. திரும்ப ஆன் செய்தேன், ஒரு வீடியோ எக்ஸ்போர்ட் பாதியில் மறுபடி நீலத்திரை. திரும்பவும் கூலரா?

ராம்நாடு_ஸ்க்ரூடிரைவர் | திங்கள், இரவு 9.00

கூலரை விடுங்கள். இது வேறு கதை.

12400 பிராசசருக்கு இன்டெல் உறுதி தரும் டிடிஆர்4 வேகம் 3200 வரைதான். எக்ஸ்எம்பி 3600 என்பது ரேம் கம்பெனியின் உறுதி. ரேம் ஓடத் தயார், பிராசசருக்குள் ரேமை ஆளும் கன்ட்ரோலர் கூடவே ஓட வேண்டுமே? கன்ட்ரோலர் ரேமோடு சம வேகத்தில் ஓடுவதை கியர் 1 என்பார்கள், பாதி வேகத்தில் ஓடுவது கியர் 2. கியர் 1-இல் 3600-ஐத் தொட அந்தப் பகுதிக்கு மின்னழுத்தம் கொஞ்சம் கூட்ட வேண்டிவரும். பெயரில் 'கே' இல்லாத மாடல்களில் அதைக் கூட்ட முடியாதபடி பூட்டியிருக்கிறது. சில பிராசசருக்கு அதிர்ஷ்டத்தில் ஓடும், சிலதுக்கு ஓடாது.

ஊகத்தில் போக வேண்டாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமை பென்டிரைவில் ஏற்றி, 3600-இல் ஒரு தடவை ஓட விடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் தோல்வி, அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். பிறகு எக்ஸ்எம்பியை வைத்துக்கொண்டே வேகத்தை மட்டும் 3200-க்கு இறக்கி, நாலு பாஸ் (சோதனைச் சுற்று) முழுசாக ஓட விடுங்கள். யுபிஎஸ்ஸில் போடுங்கள், ராத்திரி முழுக்க எடுக்கும்.

இந்த இழையைப் படிக்கும் டிடிஆர்5 ஆட்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு முதல் தடவை ஆன் செய்ததும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ரேமை போர்டு பழகிக்கொள்கிற நேரம் அது. பதறிப் பவரைப் பிடுங்கிவிட்டு இங்கே வந்து ஸ்லாட் பழுது என்று எழுதாதீர்கள்.

பாம்பன்_கரை | செவ்வாய், காலை 9.30

3600: பத்து நிமிடத்தில் சிவப்பு வரிகள் கொட்டின. 3200: விடிய விடிய நாலு பாஸ், பிழை பூஜ்யம். காலையில் நேற்று நின்றுபோன அதே வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தேன், முடிந்தது.

3600-க்குக் கூடுதலாகக் கொடுத்த காசு எரிச்சலாகத்தான் இருக்கிறது. கடையில் கேட்டால் மூன்று வாரம் என்பார்கள். விட்டுவிட்டேன். போர்டை அனுப்பவில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. இப்போது இல்லாவிட்டாலும் உப்பு ஒருநாள் வரத்தானே செய்யும்? என்ன காவல்?

ராம்நாடு_ஸ்க்ரூடிரைவர் | செவ்வாய், மதியம் 1.15

வரும். புதுப் பாம்பன் ரயில் பாலத்துக்கே அரிப்பைத் தடுக்கத் தனிப் பூச்சு அடித்துத்தான் 2025 ஏப்ரலில் திறந்தார்கள்.

காற்றில் வரும் உப்பு தூசியோடு சேர்ந்து போர்டில் படியும். காய்ந்து கிடக்கும்வரை பெரிய தீங்கில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சாப்பாட்டு உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். அடுப்படியில் உப்புஜாடி ஓதம் பூத்து நிற்குமே, அதே கதைதான். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். கரண்ட் ஓடும் இரண்டு முனைக்கு நடுவில் அந்தத் தண்ணீர் நின்றால் அரிப்பு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓடுகிற கம்ப்யூட்டரின் உள்ளே வெளியை விடச் சூடு, அதனால் ஈரப்பதம் குறைவு. தினமும் ஓடும் மெஷினை விட, பரீட்சை முடிந்து மூன்று மாதம் மூடி வைத்த மெஷின்தான் என் கடைக்கு அதிகம் வருகிறது, அதிலும் வாடைக்காற்றுக் காலத்தில். சும்மா இருந்தாலும் தினம் அரைமணி ஆன் செய்யுங்கள். கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். காற்று உள்ளே இழுக்கும் பக்கம் வலை போட்டு மாதம் ஒருமுறை தட்டுங்கள். சும்மா கிடக்கும் அந்த இரண்டு ஸ்லாட்டிலும் தூசி போகாமல் மூடி கிடைத்தால் போடுங்கள்.

கீழக்கரை_காக்கா | புதன், இரவு 10.10

நானும் என் மெஷினில் கட்டம் போட்டேன், டீச்சர். ஏ2 மட்டும் இரண்டு ரேமுக்கும் பெருக்கல் குறி, மற்ற மூன்றும் டிக். பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஏ2 ஸ்லாட்டுக்குள் நடுவில் மூன்று நாலு கம்பிகளின் வேரில் பச்சை, பாசி பூத்த மாதிரி. அந்த மேஜை ஏழு வருடமாகக் கடல் ஜன்னலுக்குக் கீழேதான் கிடக்கிறது. ஸ்லாட்டுக்குள்ளே ரப்பர் தூளும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பல் தேய்க்கும் பிரஷ், புதுசு, அந்த 99 சதவீத ஆல்கஹால். இரண்டு தடவை தேய்த்து, ஒரு ராத்திரி ஃபேனடியில் காயவைத்தேன். இப்போது ஓடுகிறது. எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம். மேஜையை உள்ளறைக்கு மாற்றியாயிற்று.

தொண்டி_மச்சி | புதன், இரவு 10.25

எல்லாரும் இருக்கும்போதே என் கேஸையும் பார்த்துடுங்க. 16 ஜிபி போட்டிருக்கேன், பயாஸ்ல 16 காட்டுது, விண்டோஸ்ல 8 தான் வருது. நானும் கூலரைத் தளர்த்தவா?

மண்டபம்_டீச்சர் | புதன், இரவு 10.40

கூலரைத் தொடாதீர்கள். பயாஸ் 16-ஐயும் பார்க்கிறதென்றால் முதலில் விண்டோஸைத்தான் சந்தேகப்பட வேண்டும். ரன்னில் எம்எஸ்-கான்ஃபிக் திறந்து, பூட் பக்கத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போங்கள். மேக்ஸிமம் மெமரி என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா?

தொண்டி_மச்சி | புதன், இரவு 10.52

இருக்கு. கம்ப்யூட்டர் வேகமாகும்னு ஒரு வீடியோவைப் பார்த்து நான்தான் போட்டேன். எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணேன், 16 வந்துடுச்சு.

ராம்நாடு_ஸ்க்ரூடிரைவர் | புதன், இரவு 10.55

மூடி திருகைப் போட்டுட்டு வேலையைப் பாருங்க மச்சி.